சாமி வயல் என்று நான் சொல்லவில்லை

எங்கள் ஊரில் நடவு தொடங்கும் முதல் நாள், கோயிலுக்கென்று விட்டிருக்கும் சாமி வயலில்தான் இறங்குவோம். வீட்டுக்கு ஒரு பெண் போக வேண்டும். ரத்தக் காயம் உள்ளவள் அதில் கால் வைக்கக் கூடாது. வரப்பில் நின்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். போன வருடம் என் குதிகாலில் அரிவாள் வெட்டு ஒன்று ஆறாமல் இருந்தது. வரப்பு நெடுக ஆண்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, பேசாமல் சேற்றில் இறங்கிவிட்டேன்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. கால் வீங்கிச் சீழ் கட்டியது. சர்க்கரை உடம்பு வேறு. எங்கள் மலையிலேயே இருக்கிற செம்மேட்டு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கு அடங்காமல், மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீழைச் சோதித்து, மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற கிருமி, ஆளையே கொல்லக்கூடியது என்றார்கள். வாரக்கணக்கில் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. எப்படியோ பிழைத்தேன்.

அங்கே கிருமி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் கட்டிலருகே வந்து, எந்த வயலில் இறங்கினேன் என்று கேட்டார். துணைக்கு வந்த என் ஓரகத்தி பக்கத்திலேயே இருந்தாள். காயத்தோடு சாமி வயலில் இறங்கியது அவளுக்குத் தெரியாது. "எங்க வயலுங்க" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா விளக்கினார். கிருமிக்கு உள்ளேயும் எழுத்து இருக்கிறதாம். நாலே எழுத்து, அதுவே லட்சக்கணக்கில் மாறி மாறி வருமாம். அதைப் படித்து இன்டர்நெட்டில் ஒரு பதிவேட்டில் போடுவார்களாம்.

"உங்க பேரு இருக்காதும்மா. எந்தப் பக்கம், எந்த மாதிரி மண்ணு, அவ்வளவுதான். வேற நாட்டு டாக்டர்கூட தன்கிட்ட இருக்கிற கிருமியை இதோட ஒப்பிட்டுப் பார்ப்பார். எது எங்கிருந்து வந்துச்சு, எந்த மருந்துக்கு அடங்கும்னு அதுல தெரியவரும்."

சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். ஓரகத்தி சிரித்தாள். "நாலு பேரு முன்னால வாயத் தொறக்க மாட்டீங்க. இப்ப உங்க காலு சங்கதி உலகத்துக்கே போவுதுங்க அக்கா!"

இந்த வருடம் நடவுக்கு முன்னால் டாக்டரம்மா எங்கள் ஊர் நர்ஸோடு வந்து, எங்கள் வயலில் பல இடத்தில் முழங்கை ஆழம் தோண்டி மண் எடுத்துப் போனார். திரும்ப வந்தபோது முகம் யோசனையாக இருந்தது.

"அந்தக் கிருமி உங்க மண்ணுல கிடைக்கலைம்மா. ஒரு தடவை கிடைக்கலைன்னா இல்லவே இல்லைன்னு ஆகாது. ஆனா பதிவுல உங்க வயல்னு போட்டிருக்கோம். அது தப்புன்னா, அதை நம்பித் தேடுற எல்லாரும் தப்பான இடத்துல தேடுவாங்க. வேற எங்கயாவது எறங்குனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். இது இரண்டாவது பொய்.

சாமி வயல் நடவுக்கு நாலு நாள்தான் இருந்தது. என்னைப் போலவே காயத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி இறங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. பக்கத்து வீட்டு மருமகளுக்கும் சர்க்கரை உண்டு.

நடவு பேசக் கோயில் முன்னால் ஊர் கூடியபோது எழுந்து நின்றேன். வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"அத்தே, சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்.

போன வருடம் காயத்தோடு சாமி வயலில் இறங்கியதைச் சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார்: "அதான் போன வருசம் வெள்ளாமை படுத்துக்கிச்சு."

"அது காட்டுப்பன்னி படுத்ததுங்க மாமா" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரில உங்க கட்டிலுக்குக் கீழயே கெடந்தேன். எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் பேசியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இந்த வருடம் நான் வயலில் இறங்கக் கூடாது, பூசை போட்ட பிறகு டாக்டரம்மா சாமி வயலில் மண் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. நர்ஸ் போன் செய்தார். டாக்டரம்மா மறுநாளே வந்தார். சாமி வயலில் பூட்ஸ் போடக் கூடாது, வெறுங்காலோடு இறங்க அவர் தயாரில்லை. வரப்பில் மண்டியிட்டு நீளக் குழாயால் மண்ணை எடுத்தார். என்னைத் திட்டவில்லை. பதிவில் இடத்தைத் திருத்துவதாகச் சொன்னார். அந்த மண்ணின் முடிவு இன்னும் வரவில்லை. காயத்தோடு இறங்காதே என்று சொல்லிவைத்தவர்களுக்குக் கிருமியைத் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சாமிக்காகச் சொன்னார்கள். நான் அதைக் கேட்டு நடந்திருக்கலாம்.

நடவு நாளில் வீட்டில் இருந்தேன். வெயில் ஏறுமுன் பக்கத்து வீட்டு மருமகள் காலில் சேறில்லாமல் வந்து நின்றாள்.

"எனக்கும் வெரலிடுக்குல புண்ணு இருக்குதுங்க பெரியம்மா. வரப்புல நின்னு சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னாங்க கண்ணு?"

"என்னமோ சொன்னாங்க. நான் காதுல வாங்கலீங்க."

காலைக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் இடுக்கு சிவந்து நீர் கோத்திருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே அவளைச் செம்மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குச் சர்க்கரை உண்டென்று டாக்டரிடம் நானே சொன்னேன்.