நூலை நறுக்கிக் கட்டிய ஞாயிறுகள்

என் கணவருக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இல்லாத மனுஷன் எதற்குத் தூண்டிலைத் தொடவேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு மிதவையைப் பார்த்தபடி உட்காருவது அவருக்கு ஆகாது. ரப்பரில் செய்த தவளை, வளைந்த தகடு மாதிரி மின்னும் ஸ்பூன், வயிற்றில் கொக்கி தொங்கும் பிளாஸ்டிக் மீன் என்று ஒரு டப்பா நிறையப் பொய் இரைகள் வைத்திருந்தார். ஒன்றைக் கட்டி வீசுவார், சுண்டிச் சுண்டி இழுப்பார், மறுபடி வீசுவார். நாலைந்து வீச்சில் விரால் வந்து அடிக்கவில்லையென்றால் நூலை நறுக்கிவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம் அது. தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள்; பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கின வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்யும் கம்பெனியில், போர்டுகளில் சின்னச் சின்ன பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டவைக்கும் வேலை. குழந்தை இல்லை. வாரம் முழுக்க ஆளுக்கொரு பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தோம். அதனால் ஞாயிறு காலையில் அவருடைய ஸ்கூட்டரில் நானும் ஏறிக்கொள்வேன். ஹொசகோட்டைப் பக்கம் ஓர் ஏரி. கரையில் ஒரு புங்கமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து விடைத்தாள் திருத்துவேன்.

எங்களோடு வருகிறவர் ஒரே ஒருத்தர். சிவாஜிநகரில் வண்டிகளுக்கு பேட்டரி, வயரிங் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தவர். என் கணவர் அவரை ‘பாய்’ என்பார், நானும் அப்படியே. அவர் என் கணவரை அண்ணா என்றும் என்னை அண்ணி என்ற அர்த்தத்தில் பாபி என்றும் கூப்பிடுவார். அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பின்னல் நூலை என் கணவருக்குக் கொடுத்தது அவர்தான்.

அதுவரை ஏரிக்கரையில் எல்லோரும் வைத்திருந்தது கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் நரம்பு. இந்த நூல் வேறு. மயிரிழை போன்ற பிரிகளைச் சேர்த்துப் பின்னியது. இழுத்தால் ரப்பர் போல நீளாது, மீன் மூச்சுவிட்டால்கூடக் கைக்குத் தெரியும் என்பார் என் கணவர். ஆனால் வழுக்கும். சாதாரண முடிச்சுப் போட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். பல்லால் கடித்தால் அறாது. நகவெட்டியால் வெட்டினால் நுனி பிசிறிக்கொண்டு இரையின் வளையத்துக்குள் நுழையாது. அதற்கென்றே கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். நூலை இரண்டாக மடித்து இரையின் வளையத்தில் நுழைப்பார். தளர ஒரு முடிச்சு. மடிப்பின் வாய்க்குள் இரையையே விட்டு வெளியே எடுப்பார். எச்சில் தொட்டு மெல்ல இறுக்குவார். பாயோடு பேசிக்கொண்டே செய்வார், விரலைப் பார்க்கக்கூட மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் நூல் வீணாகும்.

“அண்ணா, ஒரு சின்ன கிளிப்பு கட்டிக்குங்க. அதுல தவளையை மாட்டலாம், கழட்டலாம். நூலை வெட்டவே தேவையில்ல” என்று பாய் சொல்வார்.

“கிளிப்பு போட்டா தவளை மூக்கைக் கீழ குத்திக்கிட்டு வரும். விராலுக்குக் கண்ணு இல்லையா?”

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, தாமரை இலைகளுக்கு நடுவே வீசிய தவளையை ஒரு பெரிய விரால் அடித்தது. தண்ணீர் வெடித்த சத்தத்தில் நான் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். தூண்டில் ராடு வளைந்து நின்றது. பாய் வலையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பிறகு ராடு சட்டென்று நிமிர்ந்துவிட்டது.

என் கணவர் நூலைச் சுற்றி எடுத்து, நுனியை விரலில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நுனி சுருள் சுருளாக இருந்தது.

“அறுந்திருந்தா இப்படி இருக்காது. முடிச்சு உருவிக்கிச்சு.”

“பழைய நூல் அண்ணா, அவ்ளோதான்” என்றார் பாய்.

“நூல் இல்ல பாய். நான் இறுக்கல.”

அதற்குப் பிறகு அவர் கட்டும்போது பேசுவதை நிறுத்தினார். விரலைப் பார்த்துக்கொண்டே கட்டினார். அப்படியும் நேரம் பிடித்தது. ஒரு நாள் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் இருக்க, அழுத்த முடியாமல் வெறுமனே நூலின்மேல் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்ததும் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மரத்தடிக்கு வந்தார்.

“இதை ஒரு தடவை நீ கட்டேன். குளிர்ல விரல் மரத்துப்போச்சு.”

வெயில் ஏறியிருந்தது. அவர் சொல்லச் சொல்லக் கட்டினேன்.

வீட்டிலும் தொடங்கியது. சட்டைப் பொத்தான். பூட்டில் சாவி திருப்புவது. கம்பெனியில் அவர் கையால் போன போர்டுகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் அவரைப் பாக்கிங் பக்கம் மாற்றினார். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்கவேண்டிய சதை குழிந்துபோயிருந்தது. தூங்கும்போது தோளின் தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி ஏதோ துடிக்கும். தொட்டால் விரலுக்குத் தெரியும்.

முதலில் பார்த்த டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் நடந்தார். பட்டையோடுதான் ஏரிக்கும் வந்தார். கை இன்னும் மெலிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சதைக்குள் ஊசி குத்தி மெஷினில் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். வயசானவர். இங்கிலீஷில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னடத்துக்கு மாறினார். சதையை வேலை வாங்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, கையில் ஆரம்பித்திருக்கிறது, கால், நாக்கு, தொண்டை என்று போகும், கடைசியில் மூச்சு என்றார். மூளை கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பதை ஓர் ஆறுதல் மாதிரி சொன்னார்.

“மருந்து?” என்றேன்.

“இல்லம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். என் கணவர் ரோட்டைப் பார்த்தபடியே, “ஞாயித்துக்கிழமை உனக்குப் பேப்பர் திருத்துற வேலை நிறைய இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

கட்டுவது என் வேலையாயிற்று. அந்த நூலை விரலில் சுற்றி இறுக்கக்கூடாது, ராடின் பக்கம் ஒரு கையும் இரையில் ஒரு கையுமாகப் பிடிக்கவேண்டும். அவசரத்தில் விரலில் சுற்றி இழுத்ததில் ஆள்காட்டி விரல் மடிப்பில் பிளேடு போட்ட மாதிரி கிழிந்தது. திங்கட்கிழமை சாக்பீஸ் பிடிக்க எரிந்தது. முதலில் அவர் இடது கையால் வீசினார். அதுவும் போன பிறகு பாய் வீசுவார். இவர் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்கே வீசவேண்டும், எப்படி இழுக்கவேண்டும் என்று சொல்வார். ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. பாய் தன் கடை வேனில் எங்களை ஏற்றிப் போனார்.

விசித்திரம் என்னவென்றால், இரை மாற்றுவது முன்னைவிட அதிகமானது. இரண்டு வீச்சு, மூன்று வீச்சு. “அதை எடுத்துட்டு வெள்ளைத் தவளையைக் கட்டு.” கட்டுவேன். “ம்ஹூம். ஸ்பூனைக் கட்டு.” நறுக்குவேன், கட்டுவேன். ஒரு காலையில் ஜமுக்காளத்தில் உட்காரவே எனக்கு நேரம் கிடைக்கவில்லை. விரலில் கட்டுப்போட்ட துணி எச்சிலும் ஏரித்தண்ணீருமாக ஊறியிருந்தது.

“கட்டினதை இன்னும் தண்ணியே சரியா பாக்கல. அதுக்குள்ள ஏன் மாத்தணும்?” என்று கேட்டுவிட்டேன்.

பாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் பாய் ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். உள்ளே கிளிப்புகள். “பாபி, உங்க கைக்காகச் சொல்றேன். அவருக்கு நான் சொல்லிக்கறேன்.” நான் வேனில் உட்கார்ந்தே நூல் நுனியில் ஒன்றைக் கட்டிவிட்டேன். ஏரிக்கரையில் தவளையை அதில் மாட்டி ராடைப் பாயிடம் கொடுத்தபோது என் கணவர் பார்த்தார். பாய் வீசினார். மறுபடி வீசினார். வெயில் உச்சிக்கு வரும்வரை அதே தவளைதான் போய்ப் போய் வந்தது.

“வேற மாட்டட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு.”

“ஸ்பூன் போடலாமா? மேகம் மூடுது. இப்படி இருந்தா ஸ்பூன்தான்னு சொல்வீங்களே.”

“உனக்கு எது சுலபமோ அதைப் போடு” என்றார். நாக்கு அப்போதே கொஞ்சம் தடித்திருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, ஓர் ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, படுக்கவைத்துவிட்டு ராடை எடுத்துவந்து கிளிப்பை நறுக்கினேன். மூக்கு குத்துகிறது, விரால் பார்த்துவிடும் என்பதெல்லாம் உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் ஒரு பலமும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு, அடுத்து எது என்று யோசித்துச் சொல்வது ஒன்றுதான் மீதி இருந்தது. நான் சிரமப்பட்டுக் கட்டினால்தான் அது அவருக்கு மீன்பிடிப்பதாக இருந்தது. என் கையை மிச்சம்பிடிக்கப் போய் அதை எடுத்துவிட்டேன் என்று தோன்றியது. அதில் எனக்குக் கோபமும் வந்தது. அவர்மேலா, கிளிப்பு கொண்டுவந்த பாய்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, கேட்காமலேயே கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“என்ன கட்டட்டும்?”

ஏரியைப் பார்த்தார். “பச்சைத் தவளை.”

அன்று மதியத்துக்குள் நான் எவ்வளவு முறை நறுக்கினேன் என்று தெரியாது. மீன் ஒன்றும் படவில்லை. வேனில் ஏற்றும்போது என் கையைப் பார்த்து, “வீங்கியிருக்கு” என்றார். அவ்வளவுதான்.

நறுக்கி நறுக்கி ரீலில் நூல் அடிக்கு வந்துவிட்டது. பாய் ஓங்கி வீசினால் பாதித் தூரத்தில் நூல் தீர்ந்து தவளை சொத்தென்று விழும். தாமரை இருக்கும் இடத்துக்கு எட்டவில்லை.

“மச்சான் ரம்ஜானுக்கு வரான். புது நூல் எடுத்துட்டு வரச் சொல்றேன் அண்ணா” என்றார் பாய்.

என் கணவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அப்போது அவர் பேசுவது எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் புரியும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “இது போதும்” என்றார்.

“என்ன அண்ணா போதும், கரையைக்கூடத் தாண்ட மாட்டேங்குது.”

“போதும் பாய்.”

பாய் சட்டென்று ராடைக் கீழே வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் ரீலில் மீதி இருந்ததைப் பார்த்தேன். அது இன்னும் எத்தனை ஞாயிறுக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. நான் கணக்கு டீச்சர். எனக்கே அந்தக் கணக்கைப் போட மனம் வரவில்லை. “வெள்ளையைக் கட்டட்டுமா?” என்று கேட்டேன். சரி என்று கண்ணை மூடித் திறந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச வாரங்கள்தான் ஏரிக்குப் போனோம். உட்காரவைத்தால் தலை நிற்கவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் இருமினால் நிற்காது. மாடி வீட்டைக் காலி செய்து அதே தெருவில் கீழ்வீடு பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் வருவார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மார்க்கெட்டில் விரால் என்ன சைஸ் வந்தது, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று தனக்குத் தானே பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார். இவர் கண்ணால் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் பாய் வேண்டுமென்றே தப்பாக ஏதாவது சொல்வார், மேகமூட்டத்துக்குக் கறுப்புத் தவளை நல்லது என்று. இவர் கண்ணில் எரிச்சல் வரும். பாய்க்கு அது போதும். சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

ஒரு ஆடி மாசத்துக் காலையில், நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது மூச்சு நின்றிருந்தது. வாசலில் இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். கண் திறந்திருந்தது. பால் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பாய்க்குத்தான் போன் செய்தேன். அவர் “வரேன் பாபி” என்று சொல்லிவிட்டு போனை வைக்கவே மறந்துவிட்டார். கடைக்குள் யாரையோ ஷட்டரை இறக்கச் சொல்வது கேட்டது. வில்சன் கார்டன் மயானத்தில் மின்தகனம் முடிந்து எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு புறப்பட்ட பிறகும் பாய் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார் என்று என் தம்பி வந்து சொன்னான்.

காரியங்கள் முடிந்ததும் அம்மா வேலூருக்குக் கூப்பிட்டார். போகவில்லை. அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினேன். வார நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு காலையில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பத்தாவது படிக்கிறவர்களுக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொன்னேன்.

“ஒரு நாளாவது ரெஸ்ட் எடுத்துக்கோங்க டீச்சர்” என்றார் அவர்.

“வேண்டாம் மேடம்” என்றேன். அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அல்ஜீப்ரா நடத்தினேன். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், என்னைத் திட்டிக்கொண்டேதான் படித்திருப்பார்கள்.