சுடலைமுத்து கொண்டுவந்த கடைசித் தபால்

காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் புறப்பட்டது. புறப்பட்டது என்பது மரியாதைக்கு. யுத்தத்தில் பெட்ரோல் போனபின் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி. மேட்டைக் கண்டால் நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் எட்டணா. என் மடியில் பெரிய ரோஜா மாலை.

"என்ன வே, பொண்ணு பாக்கப் போறீரா?" என்றார் கண்டக்டர்.

"தபால்காரர் சுடலைமுத்துக்கு."

அவர் சிரிப்பு நின்றது. "வைப்பாத்து வெள்ளத்துல போனவருல்லா? இங்கன முன்னால வந்து உக்காரும்."

சுடலைமுத்து தூத்துக்குடியில் எங்கள் மில்லர்புரத்துக்காரர். பத்து வருஷமாகக் கீழவைப்பாரில் தபால் கொடுத்தவர். போன வாரம் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் இழுத்துவிட்டது. உடலை எடுத்தபோது பை தோளிலேயே இருந்ததாம். எங்கள் தெருவின் சார்பில் மாலையோடு நான்.

குளத்தூரில் இறங்கி நடந்தேன். பத்தரைக்குக் கீழவைப்பார்க் கடற்கரை. ஒரு வள்ளம்கூடக் கடலில் இல்லை. இந்த ஊர் மீனவர்கள் கடலில் மாண்ட தங்கள் ஆட்களுக்கு மட்டும் இப்படி ஒருநாள் தொழிலை நிறுத்துவார்களாம். ஆற்றில் போன, மாதாவைக் கும்பிடும் வேதக்காரரும் அல்லாத ஒருவருக்கு இதுதான் முதல் தடவை.

மாதா கோயில் முன்னால் விரித்த பாயில் அவர் பையிலிருந்து எடுத்த நனைந்த கடிதங்கள் காய்ந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு முத்துச்சிப்பி. போஸ்ட்மாஸ்டர் பெயர் கூப்பிடக் கூப்பிட, கடிதத்தை எடுத்துக்கொண்டு, சிப்பியைச் சுடலைமுத்துவின் காலிப் பைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி பிலோமினம்மாள். அவள் மகனுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. அங்கே குண்டு விழுந்து ஏழு மாசம். ஒரு சேதியும் இல்லை. இன்று ஒரு கவர் வந்திருந்தது. என்னிடம் நீட்டினாள்.

"காலேஜ் படிக்கிற தம்பியாமே, வாசியும்."

பெருமையாகப் பிரித்தேன். உள்ளே மசியெல்லாம் கரைந்து ஒரே நீலம். "ஒண்ணும் தெரியலம்மா."

"உள்ள என்னத்தப் பாக்கீரு? தபால்கார அண்ணாச்சி மொதல்ல கவருமேல முத்திரையத்தான் பாப்பாரு. 'இந்தத் தேதி வரைக்கும் ஒம்மவன் சொகம்'னு சொல்லிட்டுத்தான் பிரிப்பாரு."

திருப்பினேன். பென்சில் விலாசம் பிழைத்திருந்தது. முத்திரையின் எண்ணெய் மசியும்தான்.

"போன மாசத் தேதிம்மா!"

விலாசத்தை விரலால் தடவினாள். "எம்மவன் கிறுக்கல்தான். இருக்கான், மாதாவே!"

பக்கத்திலிருந்தவள் அழுதாள், இவள் அழவில்லை. தன் சிப்பியைப் பைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, தபாலு வந்து சேந்துட்டு." என் மாலையைப் பையின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன். சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் அது கல்யாண வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

மாலை ஏழுக்கு மில்லர்புரம். வாசற்படியில் எனக்கு ஒரு கார்டு கிடந்தது. முத்திரையைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் தெருவில் தினமும் தபால் போட்டுவிட்டுப் போகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. நாளைக்கு வாசலில் நின்று கேட்க வேண்டும்.