ஏழாம் நம்பர் மலைக்கு ஏரோப்பிளேன் வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் போனில் ஏரோப்பிளேன் இரைந்ததும் என் கை தானாகத் தலைக்குப் போனது, கூடைக் கயிற்றைப் பிடிக்க. மலைக்குப் போவதை விட்டுப் பதினைந்து வருஷமாகிறது. தலையில் கயிறும் இல்லை, முதுகில் கூடையும் இல்லை. மகள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

நான் கேட்டுக் கேட்டு அவள் தேடிப் பிடித்த சண்டைப் படம் அது. பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போடுகிற கதை. அந்தப் பர்மா, லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலைதான். நான் குமரியாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் வந்து எடுத்தார்கள். இத்தனை வருஷம் சொல்லியும் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு வேண்டியது படமல்ல, என் அக்கா முத்தாயி.

அந்த வாரம் தோட்டமே பெட்ரோல் வாடை. விடிந்ததும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், பலகையும் தகரமுமாக ஒரு பிளேன் நின்றது. பறக்காது. பறப்பது வேறொன்று, எங்கிருந்தோ வரும். பலகைப் பிளேனைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கும்பிடு போட்டார்கள். நானும் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

எங்களுக்குச் சொன்ன வேலை சின்னது. அவரவர் நெரையில், செடி வரிசையில், கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிளேன் தாழ வந்ததும் கூடையை எறிந்துவிட்டு ஓட வேண்டும். வந்தது. காது அடைத்துப்போனது. இருபது பெண்களும் ஓடினோம், கூடையோடு. ஒரு இலை சிந்தவில்லை.

இரண்டாம் தடவையும் அப்படியே. பேச்சை மாற்றிச் சொல்ல வந்திருந்த கொழும்பு ஐயா நொந்துபோனார்.

"உயிருக்குப் பயந்து ஓடுறவ கூடையத் தூக்கிக்கிட்டா ஓடுவா?"

"எங்க மலையில ஓடுவாங்கய்யா," என்றேன்.

அக்கா என் இடுப்பில் இடித்தாள். "நாலு கொழுந்துதானேடி. கொட்டுவோம். படத்துல வருவோம்ல."

"கொழுந்தக் கொட்டிப்புட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட நெரையில நிப்ப?"

அக்கா கூடைக் கயிற்றை நெற்றிக்கு இழுத்துவிட்டாள். மற்றவர்களும் கூடையை இறுக்கிக்கொண்டார்கள். எங்களை அனுப்பிவிட்டு டவுனிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தேன். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள்.

இரண்டு வருஷத்தில், எங்கள் சனத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பிய கணக்கில், அவள் குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. நானுஓயா ஸ்டேஷனில் கோச்சி ஏற்றினோம். அவளைப் போட்டோ பிடித்தது அந்தப் பாஸ்போர்ட்டுக்காக ஒரே ஒரு தடவை. அதுவும் அவளோடு போனது. கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு செத்த சேதி. இப்போது கண்ணை மூடினால் கையும் காலும் வருகிறது, முகம் வருவதில்லை.

போனில் பிளேன் வந்தது. கூடைகள் பறந்தன, கொழுந்து சிதறியது, டவுன் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஆள் ஒருத்திகூட இல்லை. கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னேன். பிளேன் வருவதற்கு முன்னால், தூரத்திலிருந்து மலை முழுக்கத் தெரிந்தது. எங்களை அனுப்புவதற்கு முந்தி எடுத்தது. எறும்பு மாதிரிப் பெண்கள், எல்லோரும் குனிந்தபடி. ஒருத்தி மட்டும் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். காக்காய் பறந்தாலும் வேலையை விட்டு அண்ணாந்து பார்த்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்குகிறவள் எங்கள் நெரையில் ஒருத்திதான்.

"நிப்பாட்டு."

மகள் இரண்டு விரலால் பெரிதாக்கினாள். எறும்பு புள்ளியாகி, புள்ளி வெறும் கறையானது.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"சின்னதாக்கு. சின்னதுலதான் இருக்கா."

இப்போது சொன்னால் கூடையை எறிவீங்களா என்று மகள் கேட்டாள். மாட்டேன். ஆனால் அக்காவை எறிய விட்டிருக்கலாம்.

ஏழாம் நம்பர் மலையில் இன்றைக்கு ஆள் உயரத்துக்கு மானாப்புல். அங்கே நெரையும் இல்லை, நெரையில் நின்று மூஞ்சி காட்ட ஆளும் இல்லை.