டேப் பத்தலை

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. காமர்ஸ் நிரம்பிவிட்டது என்றார்கள். மிச்சமிருந்தது தொழிற்கல்விப் பிரிவு. நெசவும் ஆடை வடிவமைப்பும். சேர்க்கை முடிந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "யாராச்சும் கேட்டா காமர்ஸ்னு சொல்லிரு." திருநகரில் எங்கள் தெரு முழுக்க அப்படியே சொல்லியும் வைத்தாள். இஞ்சினியரிங் படித்த அண்ணன் மட்டும் வீட்டுக்குள் என்னை "டெய்லரம்மா" என்று கூப்பிடுவான். அப்பா சிரிப்பார்.

பள்ளிக்கூடம் சிம்மக்கல் பக்கம். அங்கேயும் இதே கதைதான். மற்ற குரூப் பிள்ளைகள் எங்கள் வகுப்பைத் தாண்டும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏய், ஓவர்கோட்டுல பட்டன் அந்து போச்சு, தச்சுத் தாங்கடி" என்பார்கள். நாங்கள் இருபத்து நான்கு பேர். எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருப்போம். எனக்கு மட்டும் நாள் முழுக்க உள்ளே எரியும். எனக்குக் கீழே யாராவது ஒருத்தி வேண்டும் போலிருந்தது.

அவள் பரவையிலிருந்து வந்தாள். நல்ல பருத்த உடம்பு. கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பஸ் சீட்டில் உட்கார்வது போலவே அங்கேயும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்ப்பாள். ஆனால் துணியைத் தொட்டால் ஆளே வேறு. நாங்கள் மெஷினில் நூல் கோக்கவே திணறிக்கொண்டிருந்த வாரத்தில், அவள் பிரவுன் பேப்பரில் ஒரு சட்டையின் முன்பக்கத்தை ஒரே மூச்சில் வரைந்து வெட்டினாள். டீச்சர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னுடையதைப் பார்த்தார். அவள் மேல் எரிச்சல் வர எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜூலையில் உடல் அளவு எடுக்கும் பாடம். இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் அளக்க வேண்டும். ஒரு ஜோடியின் அளவுகளை மட்டும் டீச்சர் மாதிரிக்காகக் கரும்பலகையில் எழுதுவார். அளப்பவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். டீச்சர் கைகாட்டியது என்னையும் அவளையும். தோள், கை நீளம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மார்பளவுக்கு டேப்பைச் சுற்றும்போது அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெல்லச் சொல்லு" என்றாள்.

நாற்பத்து நான்கு. அறுபது அங்குல டேப். பதினாறு அங்குலம் என் கையில் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் திரும்பி, "டேப் பத்தலை டீச்சர்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. பலகைப் பக்கம் திரும்பி நின்ற டீச்சரின் தோளும் குலுங்கியது. அவள் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் டேப்பை அவிழ்க்கவில்லை. என் இரண்டு கைக்கும் நடுவில்தான் நின்றாள்.

அன்றைக்கு மத்தியானம் முதல் அவள் பேர் டேப்பு. இரண்டு வாரத்தில் மற்ற குரூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் பட்டன் கேட்கவில்லை, அவளைத் தேடினார்கள். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு மிக அதிகமாக.

தை பிறந்ததும் ஆண்டு விழாவுக்கு ஆயத்தம். எங்கள் குரூப் பிள்ளைகள் தாங்களே தைத்த உடுப்பைப் போட்டு மேடையில் நடக்க வேண்டும்; நல்ல உடுப்புக்குப் பரிசும் உண்டு. அவள் மெரூன் கலர் சுங்குடியில் ஒரு அனார்கலி தைத்தாள். மாசியில் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். அதற்கும் ஆகும் என்று தன் அளவுக்கே தைத்தது. அத்தனை மடிப்பும் இடுப்பிலிருந்து ஒரே சீராக இறங்கின. நான் தைத்த குர்தாவில் ஒரு கை முன்னால் இழுத்துக்கொண்டு நின்றது. டீச்சர் இரண்டையும் மேஜையில் போட்டுப் பார்த்தார்.

"அனார்கலிய நீ போட்டு நட. சைடு பிடிச்சாப் போதும்" என்று என்னிடம் சொன்னார். அவளிடம், "நீ மேடைக்குப் பின்னாடி நின்னு எல்லாருக்கும் பின்னு குத்தி விடு. உன்ன மாதிரி கை யாருக்கு இருக்கு?" என்றார்.

அவள் சரி என்றாள்.

அன்று சாயங்காலமே என்னை நிற்க வைத்து இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தாள். துணியை வெட்டவில்லை. டீச்சர் வந்து பார்த்து, "உள்ள மொத்தமா துணி நிக்குதே. வெட்டிரலாம்ல?" என்றார்.

"இருக்கட்டும் டீச்சர். பெறகு பிரிச்சு விட்டுக்கிருவேன். அக்கா கல்யாணத்துக்குப் போடணும்" என்றாள். அந்த வருடம் அவள் டீச்சரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

டீச்சர் என்னைக் கேட்டார், "உனக்கு எப்படி இருக்கு?"

ஒன்றுமே உறுத்தவில்லை. மெத்தென்றுதான் இருந்தது.

"குத்துது டீச்சர்" என்றேன்.

டீச்சர் கத்திரியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளேதான் வெட்டினாள். பக்கத்துக்கு நாலு அங்குலம், மேலிருந்து கீழ்வரை, கோணாமல். விழுந்த துண்டுகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விழாவில் எனக்கு முதல் பரிசு. "தானே வடிவமைத்துத் தைத்த ஆடை" என்று மைக்கில் சொன்னார்கள். டீச்சர் கை தட்டினார். நானும் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். கீழே உட்கார்ந்திருந்த அம்மா மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரிக்குள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் படம் போய்விட்டது. "எங்க பாப்பா தைச்சது. ஃபேஷன் டிசைனிங் படிக்கிறா." எட்டு மாதமாக மறைத்ததை அம்மா ஒரே நாளில் ஊருக்குச் சொன்னாள். அண்ணன்கூட அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருந்தான். இல்லை அம்மா, அது வேறு ஒருத்தி தைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்பதும் பொய். சொல்ல நான் விரும்பவில்லை.

உடுப்பைத் துவைத்து மடித்து வகுப்பில் அவள் மேஜையில் வைத்தேன். அவள் எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பரவை மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவர்; வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், சேலை முந்தியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. டீச்சரைப் பார்க்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். என்னைத்தான் கேட்டு வந்தார்.

"நீதானா தாயி அந்த உடுப்பப் போட்டு நடந்தது?"

"ஆமாம்மா."

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாக. எம்மகளுக்குக் கடையில அளவு சிக்காது, அதான் அவளே தச்சுக்கிட்டா. இனி வீட்டுல யாருக்கும் அது சேராது. அம்புட்டு ஒல்லியா எங்க வீட்டுல யாருமில்ல." உடுப்பு இருந்த பையை என் கையில் கொடுத்தார். "நீயே உடுத்திக்க. வேஸ்டாப் போகக் கூடாதுல்ல."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் எதையாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்று வீட்டுக்கு வந்து, பையிலிருந்து எடுத்துப் பீரோவில் மாட்டினேன். சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் போட்டுப் போனேன். கேட்டவர்களுக்கெல்லாம் அளவு, மடிப்பு என்று விளக்கமும் சொன்னேன்.

ப்ளஸ் டூ முழுக்க ஒரே அறையில் இருந்தும் அவள் என்னோடு பேசவில்லை. கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்த மத்தியானம் எல்லோரும் போன பிறகு, அவள் மட்டும் ஜன்னலோரம் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அதைச் செய்யச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"அன்னைக்கு டேப் பத்துச்சு" என்றேன். "துணியும் குத்தல. மன்னிச்சுரு."

அவள் நிமிராமல், "தெரியும்" என்றாள். "டேப்ப சுத்துனது என் மேலதானே. மிச்சம் எம்புட்டு தொங்குச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"எதாவது சொல்லு."

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிருவ. அதச் சொல்ல மாட்டேன்." துணியால் ஊசி மாட்டும் தண்டைத் துடைத்தாள். "தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."

நான் தள்ளி நின்றேன். அவள் வேலையை முடித்து, மெஷினுக்கு உறை போட்டு, கையை ஓவர்கோட்டில் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். படியில் இறங்கும்போது கீழே யாரோ "டேப்பு" என்று கூப்பிட்டார்கள். அவள் நின்று, "என்னடி?" என்று கேட்டாள்.