உள்ளங்கையில் ஏந்திய ஒயில்

கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் நான் கண்ட அந்த மெக்கானிக்குக்கு என்னிலும் இரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். மெலிந்த உடல், தூக்கம் கலையாத கண்கள். வேறொரு வண்டியிலிருந்து வடித்த ஒயிலை உள்ளங்கையில் ஏந்தி, வெயிலுக்குச் சாய்த்து, கனவு காண்பவர்போல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்த அப்பாவின் பள்ளிக்கூட வான், ஓடும்போது பின்சில்லுகளுக்கிடையே ஊளையிடத் தொடங்கியிருந்தது. விவாத மேடைகளில் வாகை சூடிய நான், கோளாறு கியர்பெட்டியில்தான் என்று மூன்று காரணங்களோடு நிறுவினேன்.

"கேஸ் நல்லாத்தான் பேசுறீங்க, லோயர். ஆனா சத்தம் டிஃபரன்ஷல்ல," என்றார் அவர், பின்சில்லுகளுக்கு நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியைக் காட்டி.

அதிலிருந்து வடித்த தேன்நிற ஒயில் அவர் கையில் மெல்ல அசைந்தது. அதில் இரும்புத்தூள் மின்னினால் பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்பா குனிந்து பார்த்தார். தூள் மின்னவில்லை. மெக்கானிக் ஒயிலை விரலால் தேய்த்து முகர்ந்தார்.

"இது என்ஜின் ஒயில். டிஃபரன்ஷலுக்குத் தடிச்ச ஒயில்தான் ஊத்தணும். இத ஆர் ஊத்தின?"

"நான் இல்லைத் தம்பி," என்றார் அப்பா.

முந்திய கிழமை, எல்லாம் தெரிந்தவனாய், கைக்கு வந்த போத்தலை அதற்குள் ஊற்றியவன் நான். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார்.

"போன சர்விஸ்ல மாறி ஊத்தியிருப்பானுகள், அங்கிள். பல்லு தேயாம தப்பிட்டு. கழுவிப் புதுசு ஊத்துவம்."

வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது வான் ஓசையின்றி மிதந்தது. அந்தச் சர்விஸ்காரனை அப்பா பம்பலப்பிட்டி வரை திட்டித் தீர்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது என் நாவில் எழவில்லை. முன்பின் அறியாத என்னை அந்த மெக்கானிக் ஏன் காத்தார் என்பது இன்றும் விளங்கவில்லை.