சூரியகாந்திக்கு ஒரு நியாயம்

தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். வருடாவருடம் அதே பட்டாணிதான். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் ஒரு துறவி தன் தோட்டத்தில் சேர்த்துப் பார்த்தார். பிறந்ததெல்லாம் உருண்டை. அவற்றைத் தமக்குள்ளேயே சேர விட்டு மறுபடி விதைத்தபோது, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருக்கம் திரும்பி வந்தது. அதுவரை அது உருண்டைக்குள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு காரணி, தகப்பனிடமிருந்து ஒரு காரணி. ஒளிந்திருக்கும் இரண்டும் ஒரே விதையில் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் புரிந்துவிடுகிறது. என் குடும்பத்துக்குத்தான் புரியவைக்க முடியவில்லை.

என் அக்காவைக் கட்டியவர் எங்கள் சொந்த அத்தை மகன். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போடுகிறார். அவர்களுடைய மூத்த மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று டாக்டர் அப்போதே சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும் என்றார்கள் வீட்டில். அக்கா மாசமாக இருந்தபோது கிரகணத்தில் காய் நறுக்கினாளாம், அதனால்தானாம். வருடக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது.

அத்தான் விவரம் இல்லாதவர் என்றால்கூட மன்னிக்கலாம். ஒரு தடவை ஹைப்ரிட் விதை வாங்க மனமில்லாமல், வயலில் விளைந்ததையே எடுத்து விதைத்தார். செடிக்கு ஒரு பெரிய பூ நிற்க வேண்டிய இடத்தில், ஆங்காங்கே கிளைவிட்டுப் பொடிப்பொடிப் பூக்கள். பூவோடு போட்டோ எடுக்க வந்த வெளியூர்க் கூட்டம் அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

"பாட்டன் பூட்டன் கொணமெல்லாம் உள்ள கெடந்து அடுத்த வெள்ளாமையில வெளிய வருது பாத்துக்க," என்று எனக்கே பாடம் நடத்தினார்.

போன சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் வாடகை வீடு எடுத்துக் குடும்பமே கூடியது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய்ச் சிக்குப் போகாத தலையோடு சாப்பிட உட்கார்ந்தபோதே, இளைய மகளை அத்தானின் அக்கா மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். நான் சோற்றை விட்டுவிட்டு அத்தானிடம் திரும்பினேன்.

"அத்தான், உங்ககிட்டயும் அது ஒளிஞ்சு கெடக்கு. உங்க அக்காகிட்டயும் இருக்கலாம். உங்க ரெண்டு பேரு பிள்ளைகளயும் சேத்தா மறுபடி அப்படியே வரலாம். டாக்டர்ட்டயாவது ஒரு வார்த்த கேளுங்க. சூரியகாந்தியில நீங்க பாத்ததுதான?"

"ஏட்டி, செடியும் மனுசனும் ஒண்ணா? சொத்து வெளிய போவக்கூடாதுல்லா," என்று சிரித்தார்.

அவர் அக்கா சிரிக்கவில்லை. என் அக்காவிடம் திரும்பினார்.

"ஏட்டி, பெரியவள மட்டும் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வராத. பெறவு எம்மருமவ மாசமா இருக்கையிலயும் அவ மொகத்துல முழிக்கக் கூடாது. வயித்துப் பிள்ளைக்கு ஆவாது."

தூ என்று அந்த இலையிலேயே துப்பியிருப்பேன். இவர்களுக்கும் பயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரே ரத்தத்தில் கட்டுவதற்கு வராத பயம், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து வருகிறது. அக்காவைப் பார்த்தேன். கிரகணப் பழியைச் சுமந்தவள், இதற்காவது வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன்.

திறந்தாள். "சரி மதினி. அவள ஹாஸ்டல்லயே இருக்கச் சொல்லிருதேன்."

அக்காவுக்கு நேர் எதிரே மூத்தவள் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அம்மாவின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவள். வேறு யார் பேசினாலும் ஒன்றிரண்டு தப்பும். அம்மா பேசினால் ஒரு சொல்லும் தப்பாது.