சின்னத் தடாகத்துச் சுனாமி

யுத்தம் முடிந்து, கல்குடாப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கிய காலம். கணவரின் அலுவலகத்தார் குடும்பங்களோடு ஒரு நாள் போய்வர ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் மகள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவள். பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் கடலில் கால் நனைத்ததில்லை, நான் விட்டதில்லை. “இது கடல் இல்ல புள்ள, நீச்சல் தடாகம்” என்று சொல்லிச் சொல்லியே கணவர் என்னைச் சம்மதிக்க வைத்திருந்தார். மகளோ ஒரு கிழமையாகச் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் கைகளை வீசி நீந்திக்கொண்டிருந்தாள்.

அங்கே பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சின்னத் தடாகம் இருந்தது. தண்ணீர் என் முழங்காலுக்குச் சற்று மேல். ஆனாலும் வழுக்குமா, மருந்துத் தண்ணீர் கண்ணை எரிக்குமா, வாவியிலிருந்து முதலை ஏதும் வந்துவிடுமா என்றெல்லாம் தடாகத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன்.

“முதலைக்கு இஞ்ச டிக்கெட் குடுக்கிறல்ல தங்கச்சி” என்றார் அவர்.

மகளை விளிம்பில் உட்காரவைத்து, குதிக்கால் மட்டும் நனையலாம் என்று அனுமதி கொடுத்தேன். என் சால்வையால் அவளையும் என்னையும் சேர்த்து முடிந்துகொண்டேன்.

“கண்டுக்குட்டிய மேய்க்கவா கூட்டி வந்த?” என்று கணவர் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் மகள் சொன்னாள்: “அம்மா, தண்ணி எட்டுதில்ல.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். டைலில் ஈரம் மட்டும் இருந்தது. தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கரையில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தண்ணீர் பின்வாங்கினால் நின்று யோசிக்கக் கூடாது. நான் பட்டதாரி, ஒரு தடாகத்துக்கு மட்டும் தனியாகச் சுனாமி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு வந்து சேர்வதற்குள் வாய் திறந்துவிட்டது.

“தண்ணி உள்ள இழுக்குது! ஓடுங்க!”

ஓடினார்கள். சமையல்காரர் அகப்பையோடு ஓடினார். கணவர் ஓடினார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று காரணம் தெரியாமலே துவாயோடு ஓடியது. மகளைத் தூக்கிக்கொண்டு நான் மேல்மாடி ஏறியபோது, தடாகக்காரர் எனக்கு முன்னமே அங்கே நின்றார்.

எல்லோரும் மூச்சு வாங்கக் கடலைப் பார்த்தோம். அது தன் பாட்டில் கிடந்தது.

“தங்கச்சி,” என்றார் தடாகக்காரர் மெதுவாக. “தண்ணி மாத்த வால்வத் திறந்தது நான்தான்.”

“பிறகு நீங்க ஏன் அண்ணன் ஓடினீங்க?” என்றார் கணவர்.

“இவ கத்தினா. வால்வு எங்க ஞாபகம் வாற? கால் தன்ர பாட்டில ஏறிற்று.”

யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லோரும் சிரித்தோம். “ஐயோ, கணவாய்க் கறி!” என்று சமையல்காரர் கீழே பாய்ந்தார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய புது நீச்சல் உடுப்பு இன்னும் காய்ந்தே இருந்தது. “இனிக் குளிக்க விடமாட்டீங்களா அம்மா?” என்றாள்.

இறங்கி வந்தபோது தடாகத்தில் கணுக்காலளவு தண்ணீர்தான் மிச்சம். தடாகக்காரர் ஓடிப்போய் வால்வை மூடினார்.

“இவ்வளவு காணுமா தங்கச்சி?”

“இன்னும் கொஞ்சம் குறைச்சா...”

“இனிக் குறைச்சா வெறுந் தரைதான்.”

சால்வை முடிச்சை அவிழ்த்தேன். சல்வாரைச் சுருட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். மகள் குப்புறப் படுத்து, வயிறு தரையில் தேயத் தேய நீந்தினாள். தடாகக்காரர் குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டார். ஒரு விரலளவு ஏறியதும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் இன்னொரு விரலளவு. பின்னேரம் நாங்கள் வந்த வான் வண்டி புறப்படப் போகிறது என்று கணவர் கூப்பிட்டபோது, என் சல்வார் தொடைவரை நனைந்திருந்தது.

“இன்னும் ஒரு விரல் விடச் சொல்லுங்கம்மா” என்றாள் மகள்.

வான் கொஞ்சம் நிற்கட்டும் என்றேன்.